வெளி மென்பொருளைக் கணக்கோடு இணைக்கும் தரவு மூலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கணக்கு மென்பொருள் பொருத்துவதும் பராமரிப்பதும் என் வேலை. மளிகைக்கடைக்காரர், லோரி கம்பெனிக்காரர், செம்பனைப் பழம் வாங்கும் முகவர், தோட்ட ஆபீஸ் கிராணி என்று யாரைப் பார்த்தாலும் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. பில்லை மின்வழியே வரி வாரியத்துக்கு அனுப்பும் இ-இன்வாய்ஸ் வந்த பிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டே போகும்.

1. "தரவு மூலம், தரவு மூலம்னு சொல்றீங்களே தம்பி, அது தனியா வாங்குற பொருளா?"

வாங்கும் பொருள் இல்லை அண்ணே. ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் போய் விவரம் எடுக்க வேண்டுமானால் நாலு விஷயம் தெரிய வேண்டும்: விவரம் எந்தக் கணினியில் இருக்கிறது, எந்த வாசல் வழியாக உள்ளே போவது, யார் பெயரில் போவது, போய் எதை எடுப்பது. இந்த நாலையும் சேர்த்து, ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து வைத்தால் அதுதான் தரவு மூலம். திரையில் டேட்டா சோர்ஸ் என்று காட்டும்.

கல்லாவில் பில் போடும் பிஓஎஸ் இயந்திரத்தின் அன்றாட விற்பனை, கணக்கு மென்பொருளுக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கடை விற்பனை" என்ற பெயரில் ஒரு தரவு மூலம் அமைக்கிறோம். நாளைக்குக் கல்லாக் கணினியை மாற்றினாலும் அந்த ஓர் இடத்தில் விலாசத்தைத் திருத்தினால் போதும். அறிக்கைகளைத் தொட வேண்டியதில்லை.

2. "எங்க கடையில மொத்தமே ரெண்டு மென்பொருள்தான். அதுக்கு இவ்வளவு பாடு தேவையா?"

ஒரே எண்ணை இரண்டு இடத்தில் கையால் தட்டுகிறீர்களா என்று மட்டும் பாருங்கள். தட்டுகிறீர்கள், மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துவராமல் இரவு உட்கார்ந்து தேடுகிறீர்கள் என்றால் இணைப்பு தேவை. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பில்தான் என்றால் கையால் தட்டுவதே மலிவு. இணைப்பைப் போட்டுவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும்.

3. "எத்தனை வழியில இணைக்கலாம்? எது நல்லது?"

நடைமுறையில் மூன்று வழி. முதலாவது கோப்பு: ஒரு மென்பொருள் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) அல்லது எக்செல் கோப்பை வெளியே தள்ளும், மற்றது அதை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, மென்பொருள் தன் விவரங்களை அட்டவணைகளாகச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தையே நேராகத் திறந்து படிப்பது. மூன்றாவது ஏபிஐ: மென்பொருள் செய்தவர்களே திறந்து வைத்திருக்கும் வாசலில் போய்க் கேட்பது. எதைக் கேட்கலாம், எந்த வடிவில் பதில் வரும் என்பதெல்லாம் அவர்கள் எழுதி வைத்திருப்பார்கள்.

ஏபிஐ இருந்தால் அதையே எடுங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது உள்ளே அட்டவணைகள் மாறலாம்; ஏபிஐ பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஏபிஐ இல்லையென்றால் தரவுத்தளத்தை நேராகப் படிக்கலாம். படிக்க மட்டும்தான். வெளி மென்பொருள் ஒன்று கணக்குத் தரவுத்தளத்துக்குள் நேராக எழுதுவதை நான் எந்தக் கடையிலும் அனுமதிப்பதில்லை. கணக்கு மென்பொருள் ஒரு பில்லைச் சேமிக்கும்போது கடனாளிக் கணக்கு, சரக்கு இருப்பு, வரி என்று பல அட்டவணைகளைச் சேர்த்துத் தொடுகிறது. வெளியிலிருந்து ஓர் அட்டவணையில் மட்டும் ஒரு பதிவைச் சேர்த்தால் மற்றவை பின்தங்கிவிடும்.

கோப்பு வழியைப் பழைய முறை என்று ஒதுக்காதீர்கள். மத்தியான இடி மழையில் இணைய லைன் போகும் ஊரில் அதுதான் உறுதியான வழி. கோப்பு அப்படியே கிடக்கும். லைன் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். என்ன வந்தது என்று கண்ணால் திறந்தும் பார்க்கலாம்.

4. "நம்ம கணக்கு மென்பொருளோட தரவு எங்க உட்கார்ந்திருக்குன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

நம் நாட்டில் பலர் வைத்திருப்பதையே சொல்கிறேன். கணினியில் நிறுவும் ஆட்டோகவுன்ட், மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில் எழுதுகிறது. எஸ்கியூஎல் அக்கவுன்ட் என்ற மென்பொருள் ஃபயர்பேர்ட் தரவுத்தளத்தில் எழுதுகிறது. பெயரைப் பார்த்து எஸ்கியூஎல் சர்வர் டிரைவரை (தரவுத்தளத்தோடு பேச வைக்கும் சிறு மென்பொருள்) போட்டு மணிக்கணக்காக மல்லாடாதீர்கள். வழக்கமான வாசல் (போர்ட்) எண்கள்: எஸ்கியூஎல் சர்வருக்கு 1433, ஃபயர்பேர்டுக்கு 3050, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432.

இலவச எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஒரு சங்கதி உண்டு. நிறுவியவுடன் டிசிபி/ஐபி வழி மூடியே இருக்கும். அதே கணினியில் வேலை செய்யும், பக்கத்துக் கணினியிலிருந்து வராது. கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதைத் திறந்துவிட்டு, சேவையை நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும். முழுக்க இணையத்தில் ஓடும் மென்பொருள் என்றால் தரவுத்தளத்தை உங்களுக்குத் திறந்துவிட மாட்டார்கள். ஏபிஐ அல்லது கோப்புதான்.

5. "ஓடிபிசியில எல்லாம் சரியா போட்டேன், டெஸ்ட் பண்ணா 'ஓகே'ன்னு வருது. ஆனா மென்பொருள்ல அந்தப் பேரையே காணோம். ஏன் அண்ணே?"

இரண்டு காரணத்தில் ஒன்றாக இருக்கும். விண்டோஸில் தரவு மூலங்களைப் பதிந்து வைக்கும் வசதிதான் ஓடிபிசி. 64 பிட் விண்டோஸில் அதன் அமைப்புத் திரை இரண்டு இருக்கிறது, ஒன்று 32 பிட், இன்னொன்று 64 பிட். டிஎஸ்என் என்பது அங்கே தரவு மூலத்துக்குக் கொடுக்கும் பெயர்; கணினி முழுவதற்குமான சிஸ்டம் டிஎஸ்என் பட்டியல் இரண்டு திரைக்கும் தனித்தனி. உங்கள் மென்பொருள் 32 பிட் என்றால் 64 பிட் பக்கம் போட்ட பெயர் அதன் கண்ணில் படாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பதுதான் 64 பிட் திரை, சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில் இருப்பது 32 பிட் திரை. பெயர் தலைகீழாக இருப்பதால் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது காரணம், யூசர் டிஎஸ்என் ஆகப் போட்டிருப்பீர்கள். அது போட்டவருடைய விண்டோஸ் கணக்குக்கு மட்டும்தான் தெரியும். பகலில் நீங்கள் சோதித்தால் வரும். இரவில் தானாக ஓடும் வேலை வேறு கணக்கில் ஓடினால் வராது. எப்போதும் சிஸ்டம் டிஎஸ்என் போடுங்கள்.

6. "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு. மழையில கரண்ட் போய் வந்ததுல இருந்து இணையவே மாட்டேங்குது."

நம் ஊரில் இதுதான் அதிகம் வரும் புகார். பெரும்பாலும் தரவுத்தளத்தில் எந்தக் கோளாறும் இருக்காது. ரூட்டர் அணைந்து எழுந்தபோது கணினிகளுக்குப் புது ஐபி எண் கொடுத்திருக்கும். நேற்று 192.168.1.12 ஆக இருந்த சர்வர் இன்று 192.168.1.15 ஆகியிருக்கும், தரவு மூலம் இன்னும் பழைய விலாசத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டர் அமைப்பில் சர்வர் கணினிக்கு நிலையான எண் ஒதுக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

அதுவும் சரி என்றால் வரிசையாகப் பாருங்கள்: சர்வர் பதில் சொல்கிறதா, வாசல் எண் திறந்திருக்கிறதா, தரவுத்தளச் சேவை ஓடுகிறதா, கடவுச்சொல் சரியா. சில சமயம் விண்டோஸ் அந்த நெட்வொர்க்கைப் பப்ளிக் என்று மாற்றிக்கொள்ளும், ஃபயர்வால் கதவைச் சாத்திவிடும். முதலில் கடவுச்சொல்லை மாற்றிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் இரண்டு கோளாறாகிவிடும்.

ஒரு யூபிஎஸ் வாங்கி சர்வருக்கும் ரூட்டருக்கும் சேர்த்துப் போடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் தரவுக் கோப்பே கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

7. "இணைக்க வந்த ஆள் 'எஸ்ஏ' கடவுச்சொல்லைக் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். எஸ்ஏ என்பது எஸ்கியூஎல் சர்வரின் தலைமைக் கணக்கு. அழிக்கவும் மாற்றவும் எல்லா உரிமையும் அதற்கு உண்டு. ஃபயர்பேர்டிலும் அதே மாதிரி ஒரு தலைமைக் கணக்கு இருக்கிறது, பழைய பதிப்புகளில் அதன் ஆரம்பக் கடவுச்சொல் உலகத்துக்கே தெரியும். அதை மாற்றாமல் விட்ட கணினிகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

இணைப்புக்கென்று தனிப் பயனர் உருவாக்கி, படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். முடிந்தால் முழு அட்டவணையையும் காட்டாமல், தேவையான நெடுக்குப் பத்திகளை மட்டும் காட்டும் வியூ ஒன்றைச் செய்து அதற்கு மட்டும் உரிமை கொடுங்கள். ஒவ்வொரு வெளி மென்பொருளுக்கும் தனித்தனிப் பயனர் இருக்கட்டும். ஒருவரோடு ஒப்பந்தம் முடிந்தால் அவருடைய பயனரை மட்டும் மூடலாம், மற்ற இணைப்புகள் நிற்காது.

8. "எக்செல்ல திறந்தா ஐசி நம்பர் எல்லாம் சுருங்கிப் போகுது அண்ணே, சிலருக்கு சைபரையே காணோம்!"

எக்செல் அதை எண் என்று நினைத்துக்கொள்கிறது. அடையாள அட்டை எண் 12 இலக்கம், முதல் ஆறும் பிறந்த தேதி, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் முன்னால் வரும். 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் எண் சைபரில் தொடங்கும். எக்செல் முன்னால் இருக்கும் சைபரை விழுங்கிவிடும். 2000இல் பிறந்தவருக்கு இரண்டு மூன்று சைபர் போய்விடும். 1980களில் பிறந்தவருடைய எண், ஈ கூட்டல் 11 என்று அறிவியல் குறியீட்டில் தெரியும். அலோர் ஸ்டாரின் 05000 அஞ்சல் குறியீடு வெறும் 5000 ஆகும். நம்முடைய 05 தொலைபேசிக் குறியீட்டுக்கும் அதே கதி.

சிஎஸ்வி கோப்பை இரண்டு முறை தட்டித் திறக்காதீர்கள். எக்செல்லின் டேட்டா பக்கத்தில் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாக எடுத்து, அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு உள்ளே கொண்டு வாருங்கள். தரவு மூலத்திலும் அப்படியே: கூட்டிக் கழிக்காத எண் எல்லாம் எழுத்து வகை. ஐசி, தொலைபேசி, வங்கிக் கணக்கு, அஞ்சல் குறியீடு, பில் எண் எதையும் எண் வகையில் வைக்க வேண்டாம்.

9. "தமிழ்ல அடிச்ச பேரெல்லாம் கேள்விக்குறியா வருது."

எங்கோ ஓர் இடத்தில் எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூனிகோட் இல்லாத குழாய் வழியாகப் போயிருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் பத்தி வார்சார் வகையாக இருந்தால் என்வார்சார் ஆக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8எம்பி4 போடுங்கள். சிஎஸ்வி என்றால் சேமிக்கும்போதே யூடிஎஃப்-8 வகையைத் தேர்ந்தெடுங்கள். கேள்விக்குறியாகவே சேமித்துவிட்ட பெயரை மீட்க முடியாது. மூலத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

நீளத்தையும் பாருங்கள். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். "மு" என்று நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பது உள்ளே இரண்டு குறி, ஆக ஆறு பைட். பைட் கணக்கில் அளவு வைத்த பத்தியில் பெயர் பாதியில் வெட்டுப்படும்.

10. "ஒரே வாடிக்கையாளர் மூணு ஆளா வர்றார். எப்படிச் சேர்க்கிறது?"

பெயரை வைத்துச் சேர்க்க முயன்றிருப்பீர்கள். நம்மவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முனியாண்டியை ஒருவர் "வை" போட்டு முடிப்பார், இன்னொருவர் "ஐ" போட்டு முடிப்பார். ஓர் இடத்தில் ஏ/எல் (இன்னாரின் மகன் என்ற குறி) இருக்கும், இன்னோர் இடத்தில் இருக்காது. அந்தச் சாய்கோடே சில மென்பொருள்களில் கோப்புப் பெயரை உடைத்துவிடும். பெயர் பார்வைக்கு மட்டும் இருக்கட்டும். சேர்ப்பதற்கு ஒரு வாடிக்கையாளர் குறியீடு வையுங்கள்.

கம்பெனிகளுக்குப் பதிவு எண் போதும் என்று நினைப்பீர்கள். 2019 அக்டோபரில் பதிவு எண் 12 இலக்கமாக மாறியது, முதல் நாலு இலக்கம் ஆண்டு. அதற்கு முன் தொடங்கிய கம்பெனிக்குப் பழைய எண், புது எண் இரண்டும் உண்டு. உங்கள் பட்டியலில் இரண்டுக்கும் தனிப் பத்தி வைத்து, புது எண்ணை ஒப்பிடுங்கள்.

தோட்டக் கிராணிமார் கவனிக்க: வெளிநாட்டுத் தொழிலாளியைக் கடப்பிதழ் எண்ணால் அடையாளம் வைக்காதீர்கள். கடப்பிதழ் புதுப்பித்தால் எண் மாறும், ஒரே ஆள் இரண்டு ஆளாவார். தோட்டத்தின் தொழிலாளர் எண்ணே சரியான திறவுகோல், அதாவது ஒருவரை இன்னொருவரோடு குழப்பாமல் காட்டும் எண். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடித்தம் கட்டாயம், தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. இந்த அடையாளம் குழம்பினால் பணம் தப்பான இடத்தில் போய் உட்காரும்.

11. "ஆலையில போடுற பழ எடையை நேரா எங்க கணக்குக்குக் கொண்டு வர முடியுமா தம்பி? தினமும் டிக்கெட்டைப் பார்த்துத் தட்டி விரலே தேயுது."

முடியும் அண்ணே, ஆனால் ஆலை தன் தரவுத்தளத்தைத் திறந்து தராது. அதைக் கேட்கவும் வேண்டாம். அன்றைய டிக்கெட்டுகளை ஒரு சிஎஸ்வி கோப்பாக ஒவ்வொரு மாலையும் அனுப்பச் சொல்லுங்கள். லோரி எண், டிக்கெட் எண், உள்ளே வந்த எடை, வெறும் லோரி எடை, நிகர எடை, தரப் பிடித்தம், தேதி, நேரம் இருந்தால் போதும். அந்தக் கோப்பு வந்து விழும் ஃபோல்டர்தான் உங்கள் தரவு மூலம்.

நிகர எடையை அப்படியே நம்பாமல் உள்ளே வந்த எடையிலிருந்து வெறும் எடையைக் கழித்துப் பார்க்கும் சோதனை ஒன்று வையுங்கள். அலகையும் பாருங்கள்: ஓர் ஆலை 7.42 என்று டன்னில் தரும், இன்னொன்று 7420 என்று கிலோவில் தரும். இரண்டு ஆலைக்குப் பழம் போடுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் மாத மொத்தம் கேலிக்கூத்தாகிவிடும். டிக்கெட் எண் மட்டும் திறவுகோல் ஆகாது, புது வருடத்தில் 1இலிருந்து மறுபடி தொடங்கும் ஆலைகள் உண்டு. ஆலைக் குறியீடு, தேதி, டிக்கெட் எண் மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

உங்களிடமே எடை மேடை இருந்தால் அந்தக் கணினியைப் பாருங்கள். பழைய எடை மென்பொருள்கள் பல மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் எம்டிபி கோப்பில் எழுதுகின்றன. அதற்கான பழைய ஜெட் டிரைவர் 32 பிட்டில் மட்டும்தான் உண்டு, ஆகவே 5ஆம் கேள்வியில் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். லோரி வரிசையில் நிற்கும் நேரத்தில் அந்தக் கோப்பைத் திறந்து இழுக்காதீர்கள். இரவில் நகல் எடுத்து, நகலைப் படியுங்கள். உங்கள் எடையும் ஆலை எடையும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒன்றின் மேல் இன்னொன்றை எழுதாமல் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் வையுங்கள். எந்த லோரியில் வித்தியாசம் தொடர்ந்து வருகிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். இணைப்புக்குக் கொடுத்த காசு திரும்பி வருவது அங்கேதான்.

12. "மைஇன்வாய்ஸ் இணைப்பும் இதே மாதிரிதானா?"

மைஇன்வாய்ஸ் என்பது உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் தளம். அதோடு இணைவது ஏபிஐ வழி. ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேல் உள்ளவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 1இல் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. இரண்டரைக் கோடிக்கு மேல் 2025 ஜனவரி 1, அரைக் கோடிக்கு மேல் 2025 ஜூலை 1. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கான வரம்பும் தேதியும் சில முறை மாற்றி அறிவிக்கப்பட்டன. ஆகவே யாரோ வாட்ஸாப்பில் அனுப்பியதை நம்பாமல் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் தளத்திலேயே பாருங்கள். பில் குறைவு என்றால் இணைப்பே வேண்டாம். மைஇன்வாய்ஸ் தளத்தில் கையாலேயே போடலாம், கட்டணம் கிடையாது.

இணைப்பதானால் தளத்தில் உங்கள் மென்பொருளைப் பதிவு செய்ததும் ஓர் அடையாளமும் ஒரு ரகசியக் குறியும் தருவார்கள். அந்த ரகசியத்துக்குக் காலாவதி உண்டு, தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டையும் கொடுத்தால் டோக்கன் (தற்காலிக நுழைவுச் சீட்டு) ஒன்று வரும். 60 நிமிடம் செல்லும். ஒவ்வொரு பில்லுக்கும் புது டோக்கன் கேட்காமல், முடியும் வரை அதையே பயன்படுத்த வேண்டும். பில் விவரம் எக்ஸ்எம்எல் அல்லது ஜேசான் வடிவில் போகும். சோதனைத் தளம் வேறு, உண்மைத் தளம் வேறு. இரண்டுக்கும் இரண்டு தரவு மூலம் போட்டு, பெயரிலேயே "சோதனை" என்று எழுதிவிடுங்கள்.

வாரியம் சரிபார்த்து ஏற்ற பிறகு 72 மணி நேரத்துக்குள்தான் பில்லை ரத்து செய்யலாம். அதற்கு மேல் கிரெடிட் நோட், டெபிட் நோட் வழிதான். ஆகவே அனுப்பினோம் என்பதோடு விடாமல், ஏற்றுக்கொண்டார்களா என்ற பதிலையும் இழுத்து உங்கள் பில்லின் பக்கத்தில் சேமியுங்கள். அனுப்பும் பாதியை மட்டும் செய்து விற்றுவிட்டுப் போகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

13. "1ஆம் தேதி காலையில போட்ட பில்லை 31ஆம் தேதின்னு அனுப்பியிருக்கு. கோளாறா?"

கோளாறு இல்லை. மைஇன்வாய்ஸ் ஏபிஐ, உலகப் பொது நேரத்தைக் கேட்கிறது. நம் நேரம் அதைவிட 8 மணி முன்னால். பிப்ரவரி 1 காலை 7.30க்குப் போட்ட பில், பொது நேரத்தில் ஜனவரி 31 இரவு 11.30. காலை 8 மணிக்கு முன் கடை திறக்கிறவர்கள் எல்லாரும் இதைப் பார்ப்பார்கள். அனுப்பும்போது பொது நேரமாக மாற்றுங்கள். உங்கள் அறிக்கையில் மட்டும் நம் நேரத்தைக் காட்டுங்கள். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து வைத்தால் மாதக் கணக்கு பிசகும்.

14. "கல்லா மொத்தத்துக்கும் கணக்கு மொத்தத்துக்கும் சில காசு இடிக்குது."

2008 ஏப்ரல் 1இலிருந்து ரொக்கப் பில்லின் மொத்தத்தை ஐந்து காசுக்கு முழுமையாக்குகிறோம். 1, 2 காசு கீழே போகும். 3, 4 காசு ஐந்தாகும். 6, 7 ஐந்துக்கு இறங்கும். 8, 9 பத்தாகும். கல்லா அதைச் செய்கிறது, கணக்கு மென்பொருள் பொருள் வாரியாகக் கூட்டுகிறது. முழுமையாக்கிய தொகையைத் தனிப் பத்தியாக இழுத்து, கணக்கில் அதற்கென்று ஒரு தலைப்பில் போடுங்கள். ஒரு பில்லில் இந்த வித்தியாசம் 2 காசைத் தாண்டாது. ஒரே பில்லில் 3 காசு இடித்தால் காரணம் வேறு. பெரும்பாலும் தள்ளுபடி அல்லது வரிக் கணக்கீடு.

15. "பாதி போயிட்டு இருக்கும்போது லைன் அறுந்தா என்ன ஆகும்? திரும்ப அனுப்பினா ரெண்டு தடவை ஏறுமே?"

ஏறும், திறவுகோல் இல்லாமல் அமைத்திருந்தால். 10ஆம், 11ஆம் கேள்விகளில் திறவுகோலுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுத்தது இதனால்தான். வாங்கும் பக்கம் "இந்த எண் ஏற்கனவே இருக்கிறதா?" என்று பார்த்து, இருந்தால் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்க வேண்டும். அப்போது நூறு முறை அனுப்பினாலும் ஒரு பதிவுதான்.

அனுப்பும் பக்கம் "அனுப்ப வேண்டியவை" என்று ஒரு வரிசை இருக்கட்டும். மறுபக்கத்திலிருந்து பதில் வந்த பிறகே வரிசையிலிருந்து எடுக்க வேண்டும். லைன் இரண்டு மணி நேரம் போனாலும் கடை ஓடும். முடிவில் இரண்டு எண்ணை ஒப்பிடுங்கள்: எத்தனை பில், மொத்தம் எவ்வளவு வெள்ளி. இரண்டு பக்கமும் ஒத்தால் நிம்மதியாகக் கடையை அடைக்கலாம்.

16. "முதலாளி நொடிக்கு நொடி வேணும்னு சொல்றார்."

அந்த எண்ணைப் பார்த்து அவர் நொடிக்கு நொடி ஏதாவது முடிவெடுக்கிறாரா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். சரக்கு இருப்புக்கு ஒரு மணிக்கு ஒருமுறை, விற்பனைக்கும் பழ எடைக்கும் இரவில் ஒருமுறை. நம் ஊர் வியாபாரத்துக்கு இது தாராளம்.

17. "பழைய பில்லைத் திருத்தினா, அழிச்சா, இந்தப் பக்கம் தெரியுமா?"

புதிய பதிவுகளை மட்டும் இழுக்கும்படி அமைத்திருந்தால் தெரியாது. கடைசியாகத் திருத்திய நேரம் என்று ஒரு பத்தி இருந்தால் அதை வைத்து இழுங்கள், திருத்தியவை வரும். அழித்தவை அப்போதும் வராது; இல்லாத பதிவு எதையும் சொல்லாது. அதனால் பில்லை அழிக்கும் உரிமையை எடுத்துவிட்டு, ரத்து என்று குறிக்கும் வழக்கத்தைக் கொண்டு வாருங்கள். அதோடு வாரம் ஒருமுறை நடப்பு மாதம் முழுவதையும் மறுபடி இழுத்து, 15ஆம் கேள்வியில் சொன்ன இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள்.

18. "தொழிலாளர் விவரத்தைச் சம்பள மென்பொருளுக்கு அனுப்புறோம். சட்டச் சிக்கல் வருமா?"

ஐசி, வங்கிக் கணக்கு, சம்பளம் எல்லாம் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. 2024இல் அதைத் திருத்தினார்கள். 2025 ஜூன் 1இலிருந்து தரவு கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமை வந்திருக்கிறது. சம்பளத்துக்குத் தேவையான பத்திகளை மட்டும் அனுப்புங்கள். வீட்டு விலாசமும் பிள்ளைகள் பெயரும் அங்கே எதற்கு?

தோட்டத்து ஜனங்களின் ஐசி நகலும் சம்பளப் பட்டியலும் வாட்ஸாப் குழுக்களில் சுற்றுவதைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. கடன் மோசடிக்காரர்களுக்கு அது போதும். கோப்பாக அனுப்பினால் கடவுச்சொல் போட்டு அனுப்புங்கள். கடவுச்சொல்லை வேறு வழியில் சொல்லுங்கள்.

19. "மென்பொருள் கம்பெனி தரவைத் திறந்து தர முடியாதுங்குது. நம்ம தரவுதானே?"

பில்லும் வாடிக்கையாளர் பட்டியலும் உங்களுடையவை. அவை உட்கார்ந்திருக்கும் அட்டவணை அமைப்பு அவர்களுடையது. அதனால் "தரவுத்தளத்தைத் திற" என்று சண்டை போடாமல், "எங்கள் பில், ரசீது, கடனாளி, சரக்கு எல்லாவற்றையும் சிஎஸ்வியாக எடுக்க வழி காட்டுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த வசதி உள்ளேயே இருக்கும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சொல்வேன்: காசு கொடுக்கும் முன் மூன்று விஷயத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஏபிஐ இருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணமா, சந்தா நிறுத்தினால் எத்தனை நாள் வரை தரவை எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய பிறகு கேட்டால் பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

20. "நீங்க ஊர்ல இல்லாதப்போ நாங்களே சமாளிக்க முடியுமா அண்ணே?"

முடிய வேண்டும். ஒவ்வொரு தரவு மூலத்துக்கும் ஓர் அட்டை எழுதிக் கொடுத்துவிடுகிறேன், நீங்களும் உங்கள் ஆளிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு கடைக்கு எழுதியது ஏறக்குறைய இப்படி: "கடை விற்பனை. கல்லாக் கணினி, 192.168.1.12, வாசல் 1433. பயனர்: படிக்க மட்டும். டிரைவர் 64 பிட், சிஸ்டம் டிஎஸ்என். இழுப்பது: பில் தலைப்பு, பில்லில் உள்ள பொருள்கள், முழுமையாக்கிய காசு. இரவு 11.00. திறவுகோல்: கிளைக் குறியீடும் பில் எண்ணும். தவறினால் மறுநாள் காலை கையால் ஓட்டலாம், இரட்டிப்பு ஆகாது." கடவுச்சொல் அட்டையில் இருக்காது, அது முதலாளியின் பெட்டியில் மூடிய உறையில்.

21. "கணினியை மாத்தப் போறோம். முதல்ல என்ன செய்யணும்?"

அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, பழைய கணினியில் தானாக ஓடும் வேலையை முதலில் நிறுத்துங்கள். பிறகு தரவுத்தளத்தை பேக்கப் எடுத்து, புதுக் கணினியில் போட்டுத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப் இல்லை. டிரைவர், டிஎஸ்என், நிலையான ஐபி, ஃபயர்வால் என்று அட்டையின் வரிசையிலேயே போங்கள். ஒரு நாள் விற்பனையை மட்டும் இழுத்து, பில் எண்ணிக்கையும் மொத்தமும் ஒத்த பிறகு தானியங்கி வேலையை ஓட விடுங்கள்.

பழைய கணினியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் அதிலுள்ள தரவு மூலங்களையும் மைஇன்வாய்ஸ் ரகசியக் குறியையும் அழித்துவிட்டு, தளத்தில் புதுக் குறி வாங்கிவிடுங்கள். அப்படியே கொடுத்தால் வீட்டில் யாராவது அதை ஓட்டும்போது பழைய வேலை எழுந்து, சென்ற மாதத்துப் பில்களைப் பழைய எண்ணோடு மறுபடி அனுப்பப் பார்க்கும்.